பூசம் தெரியாத தைப்பூசம்

தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியற்காலையில் மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனின் பினாங்குத் தெருக் கோவில் வீட்டிலிருந்து செட்டியார்களின் வெள்ளித் தேர் புறப்படும். வழி நெடுகச் சிதறுதேங்காய். தண்ணீர்மலை அடிவாரத்தைத் தேர் எட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அந்நேரம் சாலையோரத் தண்ணீர்ப்பந்தல்கள் பட்டப்பகலாக எரிந்துகொண்டிருக்கும்: குழல்விளக்கு, வண்ணச் சரவிளக்கு, நிறம் மாறும் எல்.இ.டி. பலகை. கூட்டத்துக்கு மேலே, கிழக்கே, நிலா ஏறிக்கொண்டிருக்கும். யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை. என்றைக்குத் தைப்பூசம் என்பதைத்தான் நாள்காட்டி சொல்லிவிட்டதே.

அந்த நாள்காட்டிக்கு யார் சொன்னது? வானம்தான். தை மாதத்து முழுநிலா பூச நட்சத்திரத்தை ஒட்டி நிற்கும் நாள் தைப்பூசம். திருக்கார்த்திகை, வைகாசி விசாகம், பங்குனி உத்திரம் எல்லாமே இந்தக் கணக்குதான்: எந்த மாதத்தில் முழுநிலா எந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் நிற்கிறது என்பதே பண்டிகையின் பெயர். நம் பண்டிகை வரிசையை அடுக்கிப் பார்த்தால் அது ஒரு வானப் படம். சரி, பெயர் கொடுத்த பூசம் எங்கே? ஜார்ஜ்டவுனில் நின்றுகொண்டு ஒரு பிள்ளைக்கு அதை விரல் நீட்டிக் காட்ட முடியுமா?

முடியாது. பண்டிகையன்று முழுநிலாவே அதை மறைத்துவிடும் என்பது ஒரு காரணம். நிலா இல்லாத நாளிலும் முடியாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

மூன்றுக்கும் ஆறுக்கும் இடையில்

புனர்பூசத்தின் இரட்டைச் சுடர்கள் ஒரு பக்கம், மகம் இன்னொரு பக்கம். இவற்றுக்கு நடுவே ஒன்றுமே இல்லாதது போலக் கிடக்கும் இடம்தான் கடக ராசி. பூசம் அங்கேதான் இருக்கிறது. விண்மீன்களின் பொலிவை வானியலாளர்கள் எண்ணால் குறிப்பார்கள். எண் கூடக் கூட மங்கல். நல்ல இருட்டில் மனிதக் கண்ணுக்கு 6 வரை எட்டும். பெருநகர நடுவில் 3ஐத் தாண்டுவதே பெரும்பாடு. பூசத்தின் தலையான விண்மீனுக்குப் பொலிவெண் சுமார் 3.9. அதன் பக்கத்தில் தேன்கூடு என்றொரு விண்மீன் கொத்து உண்டு. சுமார் 600 ஒளியாண்டு தொலைவில் ஏறக்குறைய ஆயிரம் விண்மீன்கள். இருண்ட ஊரில் அது வெறுங்கண்ணுக்கே ஒரு வெண்புகைத் திட்டாகத் தெரியும். நகரத்தில் அந்த இடத்தில் தெரிவது பழுப்பு வானம் மட்டுமே.

மூன்றுக்கும் ஆறுக்கும் உள்ள இடைவெளி கேட்பதற்குச் சின்னதாக இருக்கலாம். ஆனால் 6 வரை எட்டும் கண்ணுக்குத் தொடுவானம் முதல் தொடுவானம் வரை ஏறத்தாழ 2,500 விண்மீன்கள் கிடைக்கும். 3 வரை மட்டும் எட்டினால் நூறுகூடத் தேறாது. நம் பாட்டன் பூட்டனின் நட்சத்திரங்களில் பல அந்த இடைவெளியில்தான் விழுந்து கிடக்கின்றன.

கார்த்திகையை எடுத்துக்கொள்ளுங்கள். முருகனை வளர்த்த ஆறு பெண்கள் என்று கதை. கதைக்குப் பின்னால் கண்ணால் எண்ணிய கணக்கு இருக்கிறது. அந்த ஆறின் பொலிவெண்கள் 2.9, 3.6, 3.7, 3.9, 4.2, 4.3. அதாவது ஆறையும் எண்ண வேண்டுமென்றால் உங்கள் வானம் 4.3 வரையாவது இருட்டாக இருக்க வேண்டும். கல்யாணத்தில் அம்மி மிதித்தபின் காட்டும் அருந்ததியும் அப்படித்தான். வசிட்டர் எனும் விண்மீனுக்குப் பொலிவெண் 2.2; அவரை ஒட்டிய அருந்ததிக்கு 4. நகர வானத்தில் வசிட்டர் தனியாக நிற்பார். புரோகிதர் கைகாட்டுவார், மாப்பிள்ளையும் பெண்ணும் தலையாட்டுவார்கள், மண்டபக் கூரைக்கு மேலேயும் அருந்ததி தெரியாது.

ஒளி மாசை அளக்க இன்று கையடக்கக் கருவிகள் இருக்கின்றன. நம் முன்னோர் வைத்துவிட்டுப் போன கருவி அதைவிட மலிவு: கார்த்திகையில் எத்தனை தெரிகிறது என்று எண்ணுங்கள்.

கொடிமலையிலிருந்து ஒரு பார்வை

பினாங்குக்கு வரும் எவரும் கொடிமலைக்கு ரயிலேறாமல் போவதில்லை. இரவில் ஏறினால் கீழே ஜார்ஜ்டவுன் நவமணிகளைக் கொட்டியதுபோல் மினுங்கும். கொம்தார் கோபுரம், கடற்கரை ஓட்டல்கள், அக்கரைக்குப் போகும் பாலம், அதற்கப்பால் பட்டர்வொர்த். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகை ஒரு நிமிடம் கணக்காகப் பாருங்கள்.

மலை உச்சி 833 மீட்டர். நகரத்தின் கடலோரம் அங்கிருந்து சுமார் 8 கிலோமீட்டர். கீழே உள்ள ஒரு விளக்கின் பக்கம் நின்று பார்த்தால் கொடிமலை உச்சி கிடைமட்டத்துக்கு ஆறு பாகைகூட மேலே இருக்காது. சாலையில் பட்டு எதிரொளித்து வரும் வெளிச்சம் மங்கலான விரிப்பாகத்தான் தெரியும். கண்ணைக் குத்தும் புள்ளியாகத் தெரிகிறதே, அது விளக்கே நேராக உங்களைப் பார்ப்பது. தரைக்கு என்று மின்கட்டணம் கட்டிய வெளிச்சம் தரைக்குப் போகாமல் பக்கவாட்டில் ஓடுகிறது. நாம் மலையேறி ரசிப்பது பெரும்பாலும் இந்த ஓட்டையைத்தான்.

வானத்தை அதிகம் கெடுப்பதும் இந்தப் பக்கவாட்டு வெளிச்சமே. செங்குத்தாக மேலே போகும் ஒளி காற்றுமண்டலத்தின் அடர்த்தியான பகுதியைச் சில கிலோமீட்டரில் கடந்து வெளியேறிவிடும். தாழ்ந்த கோணத்தில் போவது காற்றுக்குள்ளேயே வெகுதூரம் பயணம் செய்கிறது. வழியில் காற்றின் மூலக்கூறுகளும் தூசும் ஈரத்துளிகளும் அதைச் சிதறடித்து, ஒரு பகுதியைத் திரும்பக் கீழே அனுப்புகின்றன. அப்படித் திரும்பி வருவதுதான் நகரத்தின் தலைமேல் கவிந்த அந்தப் பழுப்பு ஒளிர்வு.

அதற்கு நிறமும் உண்டு. குறுகிய அலைநீளம் கொண்ட நீல ஒளியைக் காற்று அதிகம் சிதறடிக்கும். பகல்வானம் நீலமாக இருப்பதற்கும் அதுவே காரணம். பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் 589 நானோமீட்டர். வெள்ளை எல்.இ.டி.யின் நீலக்கூறு 450 நானோமீட்டர் சுற்றுவட்டாரம். காற்று மூலக்கூறுகள் நீலத்தை மஞ்சளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு சிதறடிக்கும். எல்.இ.டி. மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது என்பது உண்மை. ஆனால் பழைய பிரகாசத்துக்கே வெள்ளை வெளேரென்ற விளக்கை மாட்டினால் மிச்சம் பிடித்தது பணத்தை மட்டும்தான், வானத்தை அல்ல. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒன்றுக்கு மூன்றாக மாட்டினால் பணமும் மிஞ்சாது.

பினாங்குக்கு இன்னொரு தலைவலி மேகம். இருண்ட காட்டில் மேகம் வந்தால் இரவு மேலும் இருளும். நகரத்தில் மேகம் வந்தால் கீழிருந்து போகும் ஒளிக்கு அது வெள்ளையடித்த கூரையாகிவிடும். பெர்லின் நகருக்குள் அளந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், மேகம் மூடிய இரவின் வானம் தெளிந்த இரவைவிடப் பத்து மடங்கு பிரகாசமாக இருந்தது. ஆண்டில் பாதி நாள் மேகமூட்டமும், சில ஆண்டுகளில் காட்டுத்தீப் புகைமூட்டமும் சூழும் நம் தீவில் இதை விளக்கவே தேவையில்லை. எந்த மழைக்கு முந்திய இரவிலும் சன்னலைத் திறந்து பாருங்கள்.

நிலாவை நம்பியவர்கள்

முழுநிலா தரையில் தரும் வெளிச்சம் 0.3 லக்ஸுக்கு மேல் போவதில்லை. வெளிச்சமான ஒரு தெருவிளக்கின் கீழ் 10 லக்ஸும் அதற்கு மேலும் இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக இரவின் உச்சபட்ச விளக்கு நிலா மட்டுமே என்று பழகிய உயிர்களுக்கு இது என்ன செய்யும்?

தீவின் வடமேற்கு மூலையில், பினாங்கு தேசியப் பூங்காவுக்குள், கெராச்சுட் கடற்கரை இருக்கிறது. பேராமைகள் அங்கே கரையேறி முட்டையிடுகின்றன. மணலைக் கிளறி வெளியே வரும் ஆமைக்குஞ்சுக்கு யாரும் வழி சொல்வதில்லை. தாழ்வான தொடுவானத்தில் எங்கே வெளிச்சம் கூடுதலோ அங்கே போ என்பதுதான் அதன் பிறவி விதி. இயற்கையான கடற்கரையில் அது கடல். நிலமும் மரமும் கருமை, நீர் வெளிர். கரையில் ஒரு விளக்கு எரிந்தால் விதி தலைகீழாகிறது. கெராச்சுட்டைக் காப்பாற்றி வைத்திருப்பது அங்கே சாலையே இல்லாததுதான். நடந்தோ படகிலோதான் போக முடியும். சென்னைக் கடற்கரைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்கே பங்குனி ஆமைக் குஞ்சுகள் தெருவிளக்கை நோக்கி ஊர்ந்து மாண்டுபோகும் என்பதால், 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள்.

பெருநிலப்பகுதியில் நிபோங் தெபால். கிரியான் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூடும். ஆண்பூச்சிகள் தாளம் தப்பாமல் ஒன்றாக மின்னும். பெண் அதைப் பார்த்துப் பதில் சொல்லும். அவற்றின் பேச்சுமொழியே ஒளி. பக்கத்தில் ஒரு வெள்ளை விளக்கை ஏற்றுவது, மேளக்கச்சேரிக்கு நடுவே காதில் ரகசியம் பேசச் சொல்வதற்குச் சமம்.

மனிதர்களிலும் வானத்தை இன்னும் தொழிலாகப் பார்ப்பவர்கள் இங்கே உண்டு. பாலிக் புலாவ் பக்கம் பந்தாய் ஆச்சேயில், மேற்குக் கடலைப் பார்த்தபடி ஷேக் தாஹிர் வானியல் மையம் நிற்கிறது. மார்க்க அறிவிலும் வானியல் கணக்கிலும் தேர்ந்த ஷேக் தாஹிர் ஜலாலுத்தீன் பெயரால் அமைந்தது. ரமலான் தொடக்கத்தையும் நோன்புப் பெருநாளையும் அறிய அங்கிருந்து தலைப்பிறை பார்க்கிறார்கள். மெல்லிய பிறைக்கு அந்தி வெளிச்சமே பெரிய தடை. கடல்மட்டப் புகையும் கரையோர விளக்கும் சேர்ந்தால் பிறை கரைந்துபோகும். தைப்பூசமும் நோன்புப் பெருநாளும் ஒரே வானத்தை நம்பியவைதான். அந்த வானம் தேய்ந்தால் இரண்டுக்கும் நட்டம்.

உலகக் கணக்கு

2016இல் வெளியான இரவுவானப் பிரகாசத்தின் உலக வரைபடம், மனிதகுலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்குப் பால்வீதியே தெரியாது என்று காட்டியது. நாடுகளில் முதலிடம் நம் அண்டை வீடான சிங்கப்பூருக்கு. அங்கே கண் முழுமையாக இருட்டுக்குப் பழகவே முடியாத அளவுக்கு இரவு வெளிச்சம். 2023இல் இன்னோர் ஆய்வு வந்தது. உலகெங்கும் பொதுமக்கள் 2011 முதல் 2022 வரை வெறுங்கண்ணால் எண்ணி அனுப்பிய ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைத் தொகுத்ததில், வானம் ஆண்டுக்குச் சராசரி 9.6 விழுக்காடு பிரகாசமாகிவருவது தெரிந்தது. ஒரு குழந்தை பிறந்தபோது 250 விண்மீன் தெரிந்த ஊரில், அது பதினெட்டு வயதை எட்டும்போது 100தான் மிஞ்சும்.

மேலேயும் நெரிசல்

கீழிருந்து போகும் வெளிச்சம் பாதிக் கதைதான். மீதிப் பாதி மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது.

நம் வீட்டுக் கூரைகளைப் பாருங்கள். அஸ்ட்ரோ தொலைக்காட்சி வட்டில் கிட்டத்தட்ட உச்சிவானத்தை நோக்கி மல்லாந்திருக்கும். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கும் மியாசாட் செயற்கைக்கோள் அங்கிருந்து நிகழ்ச்சிகளை அனுப்புகிறது. கனமழை பிடித்தால் படம் நின்றுவிடுவது மலேசியர் எல்லாருக்கும் தெரியும். வானத்து விண்மீன் தெரியாத வீட்டுக்குள் 'விண்மீன்' என்றே பெயர் வைத்த தமிழ் அலைவரிசை அந்த வட்டில் வழியாக வந்து சேர்கிறது. விண்வெளி நமக்குத் தூரத்து விஷயமல்ல. மாதாமாதம் கட்டணம் கட்டிப் பயன்படுத்தும் இடம்.

அவ்வளவு உயரத்தில் இருப்பவை கண்ணுக்குத் தெரியாது. தொல்லை தருவது தாழ்வட்டப் பாதை. 2019 மே மாதம் முதல் 60 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஒரே ராக்கெட்டில் ஏறின. இன்று இயங்கும் செயற்கைக்கோள்களின் மொத்த எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. சூரியன் நமக்கு மறைந்த பிறகும் 550 கிலோமீட்டர் உயரத்தில் வெயில் அடிக்கும். அங்கே ஓடும் தகடுகள் அந்த வெயிலில் மின்னி, தொலைநோக்கிப் படங்களில் கோடு கிழிக்கின்றன. இந்த விஷயத்தில் பினாங்குக்கு ஒரு சலுகை. நிலநடுக்கோட்டுப் பக்கம் சூரியன் செங்குத்தாக இறங்குவதால், அந்தி மறைந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் உச்சிவானத்துச் செயற்கைக்கோள்கள் பூமியின் நிழலுக்குள் போய்விடும். கோடைகால ஐரோப்பாவில் விடிய விடிய மின்னும். தொலைநோக்கிகளுக்காக வானியலாளர்கள் கேட்பது, இவை 7ஆம் பொலிவெண்ணைவிட மங்கலாக, அதாவது வெறுங்கண்ணுக்குத் தெரியாததாக இருக்கட்டும் என்பது. 2022 நவம்பரில் பெரிய அலைவாங்கியை விரித்த புளூவாக்கர் 3, சில நேரம் 0.4 வரை பிரகாசித்தது. கார்த்திகை ஆறையும் தோற்கடிக்கும் வெளிச்சம்.

மின்னுவதாவது நிழலுக்குள் போனதும் நிற்கும். குப்பை நிற்காது. 2009 பிப்ரவரியில் செயலிழந்த ரஷ்யச் செயற்கைக்கோள் ஒன்றும், இயங்கிக்கொண்டிருந்த இரிடியம் 33உம் ஏறக்குறைய 790 கிலோமீட்டர் உயரத்தில் மோதின. பின்தொடரக்கூடிய அளவில் மட்டும் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். அதே ஆண்டு ஜூலையில் மலேசியாவின் ரசாக்சாட், நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றும்படி 685 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்தப்பட்டது. அது வேலை செய்தது ஓராண்டு அளவுக்குத்தான். ஆனால் அந்த உயரத்தில் ஒரு பொருள் தானாகக் கீழே விழப் பல பத்தாண்டுகள் ஆகும். 2022 ஜூலை 31 நள்ளிரவு தாண்டிய வேளையில் கூச்சிங் மக்கள் வானத்தில் எரிந்தபடி ஊர்ந்த ஒளிக்கொத்தை எரிகல் மழை என்று படம் பிடித்தார்கள். அது கட்டுப்பாடின்றி விழுந்த சீன ராக்கெட்டின் உடல். அதே ஆண்டில்தான் விண்வெளிக்கென்று மலேசியாவுக்கு ஒரு சட்டம் கிடைத்தது. அமெரிக்கா, தாழ்வட்டச் செயற்கைக்கோள்களை வேலை முடிந்த 25 ஆண்டுக்குள் இறக்கினால் போதும் என்ற பழைய வழக்கை 5 ஆண்டாகச் சுருக்கியது.

புறம்போக்கு

தெருவிளக்கும் செயற்கைக்கோளும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். அந்தத் தவறுக்கு நம் மொழியில் பொருத்தமான சொல் ஒன்று இருக்கிறது: புறம்போக்கு. இன்று அது வசைச்சொல். ஆனால் பழைய கிராமக் கணக்கில் ஏரி, மேய்ச்சல் தரை, களம், பாதை, சுடுகாடு எல்லாம் புறம்போக்கு. வரி கிடையாது, விற்க முடியாது, ஊருக்கே பொது. எல்லாருக்கும் உரியது என்பது எவருக்கும் உரியதல்ல என்று எப்போது பொருள் மாறியதோ, அன்றே ஏரியில் குப்பை விழுந்தது. இரவு வானமும் அதற்கு மேலுள்ள சுற்றுப்பாதைகளும் மனிதகுலத்தின் மிகப் பெரிய புறம்போக்கு. வெளிச்சத்தைக் கொட்டுகிறோம், உலோகத்தைக் கொட்டுகிறோம். கேட்க ஆளில்லை.

ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பிளாஸ்டிக்கைக் கடலிலிருந்து எடுக்கத் தலைமுறைகள் ஆகும். சுற்றுப்பாதைக் குப்பை நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். ஒளி மாசு மட்டும் சுவிட்சை அணைத்த கணமே போய்விடும். கழுவவேண்டாம், வடிகட்டவேண்டாம். இதைவிடச் சுலபமான மாசு உலகில் இல்லை.

செய்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் வானத்தைக் காக்க 1958இலேயே விளம்பரத் தேடுவிளக்குகளுக்குத் தடை போட்டது. 2001இல் உலகின் முதல் இருள்வான நகரம் என்ற தகுதி பெற்றது. லடாக்கின் ஹான்லேயைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டரை 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தொலைநோக்கிகள் அங்கேயும் இருக்கின்றன. ஊர் மக்கள் விளக்குகளுக்கு மூடி போட்டார்கள், சன்னலுக்குத் திரை போட்டார்கள்; பதிலுக்குத் தொலைநோக்கியும் பயிற்சியும் பெற்று, வரும் பயணிகளுக்கு வானம் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். இருட்டு அங்கே ஒரு பயிர்.

ஜார்ஜ்டவுன் ஹான்லே ஆகமுடியாது, ஆகவும் வேண்டாம். வாழும் நகரத்துக்கு விளக்கு வேண்டும். வேலை முடிந்து இரவில் நடந்துபோகும் பெண்ணுக்கு வெளிச்சம் வேண்டும். கேள்வி, வெளிச்சம் காலடியில் விழுகிறதா கண்ணில் விழுகிறதா என்பதே. கண்ணைக் கூசவைக்கும் விளக்கு அதன் பின்னால் நிற்பவனை மறைத்துவிடும். மூடி போட்டு மங்கலாக எரியும் விளக்கு அவனைக் காட்டிக்கொடுக்கும். செய்யவேண்டியவை கைவிரலில் அடங்கும்: விளக்கின் முகம் கீழே பார்க்கட்டும். நிறம் 3,000 கெல்வினுக்கு மேல் போகாத மஞ்சளாக இருக்கட்டும். நள்ளிரவுக்குப் பிறகு பாதியாகக் குறையட்டும். ஆள் இல்லாத இடத்தில் உணரி பார்த்துக்கொள்ளட்டும்.

இதெல்லாம் மாநகர் மன்றத்தின் வேலை என்று ஒதுங்கவும் முடியாது. அமெரிக்காவின் டூசான் நகரில் 2019இல் தெருவிளக்குகளை மட்டும் கூட்டிக் குறைத்து, விண்ணிலிருந்து அளந்து பார்த்தார்கள். நள்ளிரவுக்குப் பின் வானுக்குச் சிந்திய ஒளியில் தெருவிளக்கின் பங்கு ஐந்தில் ஒன்றுகூட இல்லை. மீதியெல்லாம் கடைப்பலகை, கார் நிறுத்துமிடம், கட்டட முகப்பு, விளையாட்டுத் திடல், வீட்டு வாசல். நம்முடையவை.

தைப்பூசம் முடிந்து இரண்டு வாரத்தில் அமாவாசை வரும். அன்று இரவு பத்து மணி வாக்கில் தீவின் மேற்குப் பக்கம் போங்கள். நடுவிலுள்ள மலைத்தொடர் ஜார்ஜ்டவுனின் நேரடி வெளிச்சத்தை மறைத்துக்கொள்ளும். கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு இருபது நிமிடம் காத்திருங்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரமாவது வேண்டும். கிழக்கே பாதி வானத்துக்கு மேல், புனர்பூசத்துக்குக் கீழே, ஊதினால் கலைந்துவிடும் போல ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தால் அதுதான் பூசத்தின் தேன்கூடு. மேகம் விட்டுத் தராவிட்டால் மறுநாளும் போங்கள்.

பார்த்துவிட்டு வந்தபின், அடுத்த ஆண்டு பந்தல் போடும் நண்பர்களிடம் ஒன்று சொல்லுங்கள். மோர் வாங்க வருகிறவருக்குக் குவளை தெரிந்தால் போதும். விளக்குக்கு ஒரு தட்டு மூடி போட்டுக் கீழே திருப்பிக் கட்டுங்கள். மேலே நிலாவே இருக்கிறது.